ஆச்சி அட்டை போட்ட இசைத்தட்டுகள்

கேள்வி: பிரபலமான ஆங்கிலப் பாட்டுகளை வேறு யாரையோ பாட வைத்து மலிவு விலைக்கு விற்ற பழைய எல்.பி. தட்டுகளைக் கேட்டிருக்கிறீர்களா? இப்போது தேடி வாங்கும் அளவுக்கு அவற்றில் ஏதாவது இருக்கிறதா?

கேட்டிருக்கிறேன். சொல்லப்போனால் ரொம்ப நாள் அவற்றைத்தான் கேட்டேன், வேறு எதையும் கேட்கவில்லை.

ஊர் தூத்துக்குடி. என் தாய்மாமா சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீஷியன். 1970-களின் நடுவில் ஒருமுறை லீவுக்கு வந்தவர், பெட்டியின் அடியில் லுங்கிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த ஐந்து எல்.பி. தட்டுகளை எடுத்து வெளியே வைத்தார். லண்டன் பக்கம் டில்பரி துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியதாம். "ஒரிஜினல் பாட்டுக்காரன் பிளேட்டு ஒண்ணு வாங்குற காசுல இது ரெண்டு மூணு வாங்கலாம் மருமவனே. பாட்டு என்னமோ அதே பாட்டுதான்" என்றார். அந்த 'என்னமோ'வை நான் அப்போது கவனிக்கவில்லை.

ஐந்தில் இரண்டு, 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்று பெயர் போட்ட தட்டுகள். அவற்றின் அட்டைப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாடகர் படமும் இருக்காது, பெயரும் இருக்காது. குட்டை உடுப்பில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். ஆச்சி அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூட நோட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பிரவுன் பேப்பரை எடுத்து, இரண்டுக்கும் கச்சிதமாக அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, 'இங்கிலீஷ் பாட்டு 1', 'இங்கிலீஷ் பாட்டு 2' என்று என்னையே எழுத வைத்தாள். எங்கள் வீட்டில் கடைசி வரைக்கும் அவற்றின் பெயர் அதுதான்.

ஆறேழு வருடம் அந்த இரண்டையும் தேயத் தேயப் போட்டேன். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் ஊசி குதிக்கும் என்பது வரை மனப்பாடம். அப்புறம் பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதி. அறைத் தோழன் சென்னைக்காரன், டேப் ரெக்கார்டரும் கையுமாக வந்தவன். ஒரு நாள் ஆபா என்ற ஸ்வீடன் நாட்டுக் குழுவின் அசல் பாட்டு ஒன்றைப் போட்டான். இரண்டு வரி ஓடியதும் நான், "எவளோ நல்லாத்தான் காப்பி அடிச்சிருக்கா, ஆனா குரல் சரியா வரல" என்றேன். அவன் கட்டிலில் புரண்டு சிரித்தான். மறுநாள் மெஸ்ஸில் எல்லோருக்கும் செய்தி தெரிந்திருந்தது. நான்கு வருடமும் எனக்கு 'டூப்ளிகேட்' என்று பெயர்.

அந்த அவமானம்தான் என்னை இந்தத் தட்டுகளின் பூர்வீகத்தைத் தேட வைத்தது என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்பது பிபிசி தொலைக்காட்சியில் 1964-இல் தொடங்கிய நிகழ்ச்சியின் பெயர். அந்தப் பெயரை பிபிசி வணிகச் சின்னமாகப் பதிந்து வைக்கவில்லை. பிக்விக் என்ற இசைத்தட்டு நிறுவனம் தன்னுடைய 'ஹால்மார்க்' என்ற மலிவு விலை முத்திரைப் பெயரில் 1968-இல் அதே பெயரை வைத்துத் தட்டு போட ஆரம்பித்தது. நிகழ்ச்சிக்கும் தட்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சில வாரங்களுக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருந்து, 1985-இல் நிற்கும்போது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. இ.எம்.ஐ. என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி பக்கம் 'மியூசிக் ஃபார் பிளஷர்' என்று ஒரு முத்திரை. பால் ஹாம்லின் என்ற புத்தகப் பதிப்பாளரோடு கூட்டுச் சேர்ந்து 1965-இல் தொடங்கியது. அது 'ஹாட் ஹிட்ஸ்' என்று போட்டிக்கு ஒரு வரிசை விட்டது. மளிகைச் சாமான் வாங்கப் போகிற கடையிலேயே தட்டையும் விற்பது அவர்கள் பிடித்த வழி. அதற்கும் முன்னால், 1954 முதல் 1965 வரை, உல்வொர்த் கடைகளில் மட்டும் விற்ற 'எம்பசி' தட்டுகள் இதே வேலையைச் செய்தன.

இது திருட்டு இல்லையா என்று விடுதியில் கேட்டார்கள். இல்லை. இங்குதான் விஷயமே இருக்கிறது. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமை. எழுதி மெட்டமைத்தவருடையது ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு இன்னொன்று. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, ஒரு பாட்டு முறையாக ஒருமுறை தட்டில் வந்துவிட்டால், முன்கூட்டித் தெரிவித்து ராயல்டி கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் அதைப் புதிதாகப் பதிவு செய்யலாம். 1956 சட்டத்தில் அந்த ராயல்டி சில்லறை விலையில் 6.25 சதவீதம். விலையைக் குறைத்தால் ராயல்டியும் தானாகக் குறையும். பாடியவருக்கும் வாசித்தவர்களுக்கும் அன்றைய கூலி கையோடு கொடுத்து அனுப்பிவிடலாம். எத்தனை லட்சம் விற்றாலும் அவர்களுக்கு அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. நட்சத்திரத்துக்குப் போகிற பங்கு முழுக்க மிச்சம். மாமா வாங்கிய விலை ஒரு பவுண்டுக்கும் கீழே இருந்ததன் ரகசியம் அதுதான்.

வேலை நடந்த விதம் நம் ஊர் மெல்லிசைக் குழுக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். அசல் தட்டை வாங்கி, திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுத வேண்டும். ஹால்மார்க் வரிசையில் பல வருடம் அதைச் செய்தவர் புரூஸ் பாக்ஸ்டர். மணிக்கணக்குக்கு வாடகை எடுத்த ஸ்டூடியோவில் பன்னிரண்டு பாட்டை மளமளவென்று முடிக்க வேண்டும். அசல்காரர்கள் ஒரு பாட்டுக்கே வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கு டீ குடிக்கத்தான் நேரம். ஆனாலும் டோனி ரிவர்ஸ் போன்ற பின்னணிப் பாடகர்கள் அடுக்கிய ஹார்மனியை இன்று கேட்டாலும் அவசரத்தில் செய்த வேலை என்று சொல்ல மாட்டோம். சொதப்பலும் உண்டு. கரகரத்த குரல்காரர் பாட்டை ஒரு நல்ல பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடியிருப்பான். கேட்கக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

இவற்றின் பொற்காலம் ஐந்தாறு மாதம்தான் நீடித்தது, அதுவும் ஒரு விதிமாற்றத்தால் வந்தது. பிரிட்டனில் 1971 ஆகஸ்டில் மலிவு விலைத் தட்டுகளையும் ஆல்பம் தரவரிசையில் சேர்த்தார்கள். உடனே 'ஹாட் ஹிட்ஸ் 6' முதலிடம். அதே மாதப் பிற்பகுதியில் 'டாப் ஆஃப் தி பாப்ஸ் 18' ஏறி மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது. நவம்பரில் இருபதாவது தட்டும் முதலிடத்துக்கு வந்தது. அதை இறக்கிவிட்டு அடுத்து ஏறியது ராக் இசை ஜாம்பவான்களான லெட் செப்பலின் குழுவின் நான்காவது ஆல்பம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முழு விலைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1972 ஜனவரியில் மலிவு விலைத் தட்டுகளை மறுபடியும் வெளியே தள்ளிவிட்டார்கள். விற்பனை குறைந்தது என்பதற்காக இல்லை, விற்றது என்பதற்காக. எனக்கு இன்றும் அந்த விதியின் மேல் கோபம் உண்டு.

பெயர் இல்லாமல் பாடியவர்களில் பின்னாளில் பெயர் எடுத்தவரும் இருக்கிறார். ஆங்கிலப் பாடகர் எல்டன் ஜான் புகழ் பெறுவதற்குச் சற்று முன், 1969-70 வாக்கில், இப்படிப்பட்ட மலிவு விலைத் தட்டுகளில் கூலிக்குப் பாடினார். மங்கோ ஜெரி குழுவின் 'இன் தி சம்மர்டைம்' கூட அதில் உண்டு. அவருடைய இயற்பெயரான ரெஜ் டுவைட் என்பதைப் போட்டு 1990-களில் அவற்றைத் தொகுத்து சி.டி.யாக விற்றார்கள். இதைப் படித்த அன்று ராத்திரியே பரணில் ஏறி இங்கிலீஷ் பாட்டு 1, 2 இரண்டையும் இறக்கிப் பார்த்தேன். 1974-ஐச் சேர்ந்தவை. அதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றுவிட்டார். என் தட்டில் பாடியவர் வேறு யாரோ. அமெரிக்காவில் இதே பிக்விக்கின் தாய்க் கம்பெனியில், 1964-65-இல், அப்போதைய ஃபேஷனுக்கு ஏற்ற பாட்டுகளை சம்பளத்துக்கு எழுதித் தள்ளிக்கொண்டிருந்தவர், பின்னாளில் ராக் பாடகராகப் பெயர் எடுத்த லூ ரீட். அங்கே செய்த ஒரு பாட்டை மேடையில் வாசிக்க ஆள் தேடியபோதுதான் ஜான் கேல் என்ற இசைக் கலைஞரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்துதான் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற பேர்பெற்ற ராக் குழு வந்தது.

சரி, மாமா கொண்டுவந்த மற்ற தட்டுகள். ஒன்று ஹவாய் கிட்டார். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மதியத் தூக்கத்துக்கு நல்லது. ஒன்று '101 ஸ்ட்ரிங்ஸ்' என்ற வாத்தியக் குழுவின் தட்டு. டேவிட் மில்லர் என்ற அமெரிக்க வியாபாரி 1957-இல் தொடங்கிய குழு அது. அதில் வாசித்தவர்கள் ஜெர்மனியில் ஹாம்பர்க் வானொலி வாத்தியக் குழுவினர்; விற்றது அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில்; அட்டையில் ஸ்பெயின், ஹவாய் என்று ஏதாவது ஒரு தேசத்தின் கனவு. இழுத்து இழுத்து வாசிக்கும் வயலின்கள். தூர்தர்ஷனில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' போடும்போது பின்னால் ஓடுமே, அந்த ரகம்.

ஐந்தாவதுதான் ரத்தினம்: ஜெஃப் லவ் வாத்தியக் குழு வாசித்த கௌபாய் படத் தீம் இசை. 'மியூசிக் ஃபார் பிளஷர்' வெளியீடு. ஒவ்வொரு படத்தின் அசல் ஒலிப்பதிவும் ஒவ்வொரு கம்பெனி கையில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் போட வேண்டுமானால் புதிதாக வாசிப்பதுதான் வழி. இங்கே நகல் என்பது குறையே இல்லை, அதனால்தான் அப்படி ஒரு தட்டே சாத்தியமானது. சீட்டியும் எக்காளமும் குதிரைக் குளம்புத் தாளமுமாக அது கிளம்பினால் தெருப் பையன்கள் எங்கள் திண்ணையில் கூடிவிடுவார்கள். நாங்கள் ஒருவரும் அந்தப் படங்களைப் பார்த்திருக்கவில்லை. படங்களை நாங்களே எடுத்துக்கொண்டோம். எங்கள் கதாநாயகன் உப்பளத்தில் குதிரை ஓட்டினான்.

ஜெஃப் லவ் இங்கிலாந்தின் டாட்மோர்டனில் பிறந்தவர், டிராம்போன் என்ற ஊதுகருவி வாசிப்பாளர். அப்பா கறுப்பின அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர். இவரே 'மானுவல்' என்று ஸ்பானியப் பெயர் வைத்துக்கொண்டு இன்னொரு வாத்தியக் குழுவையும் நடத்தினார். 1976 பிப்ரவரியில் அந்த மானுவலின் இசை தரவரிசையில் முதலிடம் என்று அறிவித்துவிட்டு, கணக்கு தப்பு என்று சில மணி நேரத்தில் மூன்றாம் இடத்துக்கு இறக்கினார்கள். பொய்ப் பெயருக்குக் கிடைத்த முதலிடம், அதுவும் நிலைக்கவில்லை.

நம் நாட்டுக்கும் இந்தக் கதை வந்தது, கேசட் உருவில். நம்முடைய 1957 பதிப்புரிமைச் சட்டத்திலும், ராயல்டி கட்டிவிட்டுப் புதிதாகப் பதிவு செய்ய இதே மாதிரி வழி இருந்தது. 1980-களில் டி-சீரிஸ் அந்த வழியில் பழைய ஹிந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பதிந்து ஏராளமாக விற்றது. 2012 திருத்தத்துக்குப் பின் நிலைமை வேறு: அசல் வந்த ஆண்டு முடிந்து ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும், இது கவர் வெர்ஷன் என்று அட்டையில் சொல்ல வேண்டும், அசல் பாடகரின் பெயரோ படமோ கூடாது. இந்தக் கடைசி விஷயம் எவ்வளவு அவசியம் என்று எனக்கு அனுபவம் உண்டு. மதுரை பஸ் ஸ்டாண்டில், பழைய பட நாயகன் படம் போட்ட ஒரு கேசட்டை ஆசையாக வாங்கி, பஸ் ஏறி, வாக்மேனில் போட்டால் முன்பின் கேட்டிராத குரல்கள். உள்ளட்டையின் மூலையில் எறும்பு எழுத்தில் அந்தக் குரல்காரர்களின் பெயர் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: எறும்பு எழுத்திலாவது பெயர் இருந்தது.

கோயில் கொடையில் பாடுகிற எங்கள் ஊர்ப் பாடகரை "அப்படியே டி.எம்.எஸ். மாதிரி" என்று சொல்லி மாலை போடுவார்கள், நோட்டு குத்துவார்கள். மறுநாள் டீக்கடையில் அவருக்குக் காசு வாங்க மாட்டார்கள். இங்கிலீஷ் பாட்டு 2-இல் இரண்டாம் பக்கம் மூன்றாவதாகப் பாடும் ஆளுக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. அவர் குரலை ஐம்பது வருடமாகக் கேட்கிறேன். மூச்சு எங்கே எடுப்பார் என்று தெரியும். பெயர் தெரியாது.

நீங்கள் கேட்டது மதிப்பைப் பற்றி. காசு கணக்கில் பார்த்தால் கிடையாது. லட்சக்கணக்கில் அச்சடித்தவை, இங்கிலாந்தில் தருமத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடைகளில் கூடை கூடையாகக் கிடக்கும். இங்கே யாராவது 'அரிய சேகரிப்பு' என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள். 'ஹாட் ஹிட்ஸ்', 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' வேண்டுமென்றால் 1970-ஐ ஒட்டியவற்றைப் பாருங்கள். 1980-களின் சிந்தசைசர் பாட்டுகளை இவர்கள் போலச் செய்ய முயன்றது எனக்குப் பிடிக்கவில்லை. 101 ஸ்ட்ரிங்ஸ் ஒன்று போதும், இரண்டாவது வாங்கினாலும் அதே தட்டுதான். ஜெஃப் லவ் மட்டும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். கீறல் இருந்தாலும் பரவாயில்லை. கௌபாய் தட்டு என்றால் இன்னும் நல்லது, என்னுடையது மூன்றாவது பாட்டில் குதிக்கிறது.