தோட்டத்துத் தக்காளி எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் பாட்டிலில் அடைக்கலாமா?

கேள்வி: இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. செடிகளில் தக்காளி பாதி பழமாகவும் பாதி காயாகவும் நிற்கிறது. வரும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் எனக்கு ஓய்வு. எல்லாவற்றையும் பறித்து, பூண்டு, வெங்காயம் சேர்த்து வேகவைத்து, கண்ணாடி பாட்டில்களில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா? நடுவில் கொஞ்சம் வயல்வெளிப் பக்கம் நடந்துவரவும் ஆசை.

பதில்: நடைக்கு நேரம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். பூண்டு, வெங்காயத்தை மட்டும் இப்போது விட்டுவிடுங்கள்.

காற்றுப் புகாத பாட்டிலுக்குள் வளரக்கூடிய ஒரு பாக்டீரியா உண்டு, பெயர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம். அதன் வித்துகள் கொதிநீருக்குச் சாவதில்லை. அவற்றை அடக்குவது புளிப்புதான். புளிப்பை அளக்கும் எண்ணான பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அவை முளைக்காது. தக்காளி இந்த எல்லைக் கோட்டை ஒட்டியே நிற்கிறது, சில ரகங்கள் கோட்டைத் தாண்டியும் விடும். பூண்டும் வெங்காயமும் சேர்ந்தால் புளிப்பு இன்னும் குறையும். இந்தப் பாக்டீரியாவின் நஞ்சு உயிரையே பறிக்கக்கூடியது, அது இருப்பது வாசனையிலோ ருசியிலோ தெரியாமலும் போகலாம். அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

எனவே, வெறும் தக்காளியை மட்டும் அடையுங்கள். தோல் உரித்து, நசுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அரை லிட்டர் பாட்டில் ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அல்லது கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம். சாறு என்றால் கடையில் பாட்டிலில் விற்பதே நல்லது. அதில்தான் புளிப்பு மாறாமல் இருக்கும். மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்து மூடுங்கள். பாட்டில்கள் முழுக்க மூழ்கும் தண்ணீரில், தளதளவென்று கொதி வந்தபின் 35 நிமிடம். நீங்கள் இருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் என்றால் 40, 900 மீட்டரைத் தாண்டினால் 45, 1,800 மீட்டரையும் தாண்டினால் 50. உப்பு ருசிக்குத்தான், போடாவிட்டாலும் குறையில்லை.

பூண்டு போட்ட சாஸ் வேண்டுமென்றால் செய்து ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு குறையும் வராது.

அப்புறம், காய்கள். இவற்றுக்கு அவசரமே வேண்டாம். ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதைகள் கத்திக்கு வழுக்கி விலகினால் அது முற்றியது, அதைப் போன்றவை வீட்டுக்குள்ளேயே பழுக்கும். விதையே வெட்டுப்பட்டால் பிஞ்சு, பழுக்காது. முற்றியவற்றை 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில், ஒன்றோடொன்று படாமல் பரப்பி வையுங்கள். வெளிச்சம் தேவையில்லை. ஒரு வாழைப்பழத்தைப் பக்கத்தில் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு வேலையைச் சீக்கிரமாக்கும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், 10 டிகிரிக்குக் கீழே காய் பழுப்பதை மறந்தேவிடும். உறைபனி விழுமுன் பறித்துவிடுங்கள். பனியில் கருகிய செடியின் பழத்தைப் பாட்டிலில் அடைக்கக் கூடாது. செடியில் இன்னும் பூ இருந்தால் கிள்ளிவிடுங்கள். பூ பழமாக 40 நாளுக்கு மேல் ஆகும், இனி அதற்குக் காலம் இல்லை.

இனி நடை. அடுப்பில் பாட்டில் கொதிக்கும்போது வீட்டை விட்டு நகராதீர்கள். இறக்கித் துணிமேல் வைத்தபின் 12 முதல் 24 மணி நேரம் அவற்றைத் தொடவே கூடாது, மூடியை முறுக்கவும் கூடாது. ஆறும்போதுதான் மூடி உள்வாங்கி இறுகும். சனிக்கிழமை காலையிலேயே வேலையை முடித்துவிட்டால் அன்று மாலை முழுவதும் உங்களுடையது. நிதானமாக நடந்துவிட்டு வாருங்கள். ஞாயிறு காலை மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பாருங்கள். 'டக்'கென்று மேலே எழும்பும் பாட்டிலை மட்டும் ஃப்ரிட்ஜில் வைத்து, முதலில் அதைச் சமைத்துவிடுங்கள்.