பொம்மை டாக்டர்

வணக்கம்.

தொண்டியில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். கடன் வாங்கி மகளை மயக்கவியலில் எம்.டி. வரை படிக்க வைத்தேன். இப்போது ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆள் உருவப் பொம்மைகளை வைத்துச் சிகிச்சை பழக்கும் பாடம் எடுக்கிறாள். இனி இதுதான் என் வேலை என்கிறாள். சம்பளம் குறைவு. ஊரில் ‘பொம்மை டாக்டர்’ என்று கேலி. கடை மாடியில் கிளினிக்குக்கு ரூம் தயாராக இருக்கிறது. நீங்கள் அவளிடம் பேச முடியுமா?

ரா., தொண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

பேச மாட்டேன். சம்பளத்தை அவள் பார்த்துக்கொள்வாள். ஊர் கேலி பண்ணாத ஆள் யார் இருக்கிறார்கள்? ஆனால் ‘பொம்மை’ என்று எழுதினீர்களே, அது ரெண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

பாம்பனில் எனக்குப் பதினோரு வயது. சித்தி மகன், ஏழு வயதுப் பயல், வள்ளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டான். வெளியே எடுத்ததும் ஒருவர் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார். அப்புறம் கவிழ்த்த பானைமேல் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீரும் காலையில் தின்ற இட்லியும் வந்தன. “தண்ணி வந்துருச்சு, பிழைச்சுக்குவான்” என்று சித்தி கும்பிட்டாள். மூச்சு மட்டும் வரவில்லை. அங்கே நின்ற யாருக்கும் பாசத்தில் குறை கிடையாது. கை பழகவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பது வயதில் ஒரு முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். பொம்மையின் நெஞ்சைப் பயந்து பயந்து அழுத்தினேன். “சார், பூரிக்கு மாவு பிசையிறீங்களா?” என்றார் டாக்டரம்மா. 5 செ.மீ. இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. சரியாக அழுத்தினால் உள்ளே ‘டக்’ என்கிறது. இரண்டே நிமிடத்தில் சட்டை நனைந்துவிட்டது. நீரில் மூழ்கியவருக்கு முதலில் வாயில் ஊத வேண்டும், வயிற்றை அமுக்கவே கூடாது, அதில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் என்றார். அந்த இட்லி கண்முன் வந்தது. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பொம்மையை 1960இல் செய்தவர் ஆஸ்முண்ட் லேர்டால். நார்வேக்காரர், விளையாட்டுச் சாமான் செய்து விற்றவர். உங்களைப் போல வியாபாரி. தண்ணீரில் விழுந்து மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்த தன் இரண்டு வயது மகனை அவரே தூக்கிக் காப்பாற்றியிருக்கிறார். விளையாட்டுக்கா செய்திருப்பார்?

மகள் வகுப்பை ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? மூச்சுக்குழாயில் டியூப் இறக்கப் பழகும் பையன் உணவுக்குழாயில் இறக்குவான். பொம்மையின் வயிறு உப்பும். அசடு வழிவான், மறுபடி செய்வான். அந்த முதல் தப்பு உங்கள் தொண்டையில் நடந்தால் பரவாயில்லையா? முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து, “அந்த நேரத்துல என்ன நினைச்சே?” என்று திட்டாமல் கேட்பார்கள். திட்டாமல் கேட்பதுதான் கஷ்டம். எனக்கு வராது, இந்தக் கடிதத்திலேயே தெரிகிறதே.

2022இல் நம் ராமநாதபுரத்துக்கே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. படிக்கப் பிள்ளைகள் வருவார்கள், பழக்கிவிட யார் வருவார்கள்? எல்லா அப்பாக்களும் மாடியில் ரூம் கட்டி வைத்தால்?

சரி, ரூம் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் விசைப்படகு ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். கல்லூரியில் கேட்டு ஒரு பொம்மையைத் தொண்டிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பாம்பனிலிருந்து நாலு பேரை நான் கூட்டி வருகிறேன். டீ உங்கள் கணக்கு.