வீட்டுக் கொம்பியூட்டருக்கு எந்த அன்டிவைரஸ்? - வாசகர் கேள்வி பதில்

உயர்தரம் படிக்கும் மகளுக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்று வாங்கினோம். 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கடையில் ஓர் அன்டிவைரஸ் போட்டுத் தந்தார்கள். உறவினர் ஒருவர் இன்னொன்றையும் போட்டார். இப்போது ஒரு பைலைத் திறக்கவே நேரம் எடுக்கிறது. காசு கொடுத்து எதை வாங்கினால் நம்பலாம்?
- வாசகி, தலவாக்கலை

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் இருக்கிற இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பைலும் திறக்கும்போது இடைமறித்துச் சோதிப்பதுதான் அன்டிவைரஸின் வேலை. இரண்டு இருந்தால் ஒரே பைலை இரண்டும் பிடித்து இழுக்கும். ஒன்று பூட்டி வைத்திருக்கும் வைரஸை மற்றது புதிதாகக் கண்டதுபோல எச்சரிக்கும். 4 ஜிபி ரேம் அதைத் தாங்காது.

செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் இரண்டையும் நீக்குங்கள். பிறகு அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே கிடைக்கும் நீக்கும் கருவியையும் ஒருமுறை ஓடவிடுங்கள். மிச்சசொச்சம் உள்ளே கிடந்தால் விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற அன்டிவைரஸ் எழும்பாது. மறுபடி இயக்கியதும் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து பாருங்கள். பச்சை அடையாளம் இருந்தால் டிஃபென்டர் காவலுக்கு வந்துவிட்டது. வீட்டுப் பாவனைக்கு அது போதும், சதம் செலவில்லை.

பாவித்த கணினி என்பதால் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்', அதற்குள் 'மேனேஜ் செட்டிங்ஸ்', அதன் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்'. டிஃபென்டர் தொடக்கூடாத இடங்களின் பட்டியல் அது. விண்டோஸையும் ஒஃபிஸையும் திருட்டு வழியில் இயக்கும் கருவிகளைப் போடுகிறவர்கள், அவை பிடிபடாமலிருக்க ஏதாவது ஒரு ஃபோல்டரை, சில வேளை முழு சி டிரைவையுமே, இங்கே சேர்த்துவிடுவதுண்டு. அப்படியிருந்தால் டிஃபென்டர் காவலுக்கு இருந்தாலும் அந்தக் கருவி கொண்டுவந்தது உள்ளேயே இருக்கும். பட்டியலில் இருப்பதை நீக்கி, முழு ஸ்கேன் ஒன்று ஓடவிடுங்கள். அதே பக்கத்தில் 'டேம்பர் புரொடெக்ஷன்' ஒன் ஆக இருக்கட்டும். வேறு மென்பொருள் டிஃபென்டரை அணைப்பதை அதுதான் தடுக்கும்.

அடுத்தது விண்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றுவிட்டன. டிஃபென்டர் புதிய வைரஸ்களை இனங்காண உதவும் வைரஸ் அடையாளங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது வாசலுக்குக் காவல் மட்டுமே, கூரைத்தகரத்தின் ஓட்டையை அடைக்காது. மேலதிகத் திருத்தங்களுக்கு 'விண்டோஸ் அப்டேட்' பக்கத்திலேயே பதிவு செய்யலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அதில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. அந்த ஏற்பாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கடைசி நாள் 2026 ஒக்டோபர் 13. விண்டோஸ் 11க்கு மாற, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ தேவை. வாங்கிய கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

வேகம் குறையக் காரணம் அன்டிவைரஸ் மட்டும்தானா என்பதையும் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். இரண்டையும் எடுத்த பிறகும் 'டிஸ்க்' 100 வீதத்திலேயே நின்றால் பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் பிரச்சினை. அன்டிவைரஸுக்கு ஒதுக்கிய காசை, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குச் செலவழியுங்கள்.

கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் சொல்வதை விட்டுவிட்டு ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் வெளியிடும் முடிவுகளைப் பாருங்கள். பாதுகாப்பு, வேகம், தவறான எச்சரிக்கை தராமை மூன்றுக்கும் தலா 6 புள்ளி, மொத்தம் 18. ஒரு தடவை 18 எடுத்ததை வைத்து முடிவெடுக்காமல் ஒரு வருடத்து முடிவுகளை வரிசையாகப் பாருங்கள். உங்கள் கணினிக்கு வேகத்தின் 6 புள்ளிதான் முக்கியம். முதல் வருட விலையைக் கண்டு ஏமாறாமல் இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தையும் கேளுங்கள். இலவசப் பதிப்புகளிலும் கவனம் தேவை. பாவனையாளர்களின் இணைய உலாவல் விபரங்களைத் துணை நிறுவனம் வழியாக விற்ற விவகாரத்தில், அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 இலட்சம் டொலர் செலுத்த வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது.

கடைசியாக, மகளின் நோட்ஸ் அத்தனையும் 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் பிரதி இருக்கட்டும். அதைக் கணினியில் செருகியே வைக்காதீர்கள். பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், செருகியிருக்கும் டிரைவையும் சேர்த்தே பூட்டும்.

கொமினிகேஷனில் பிரிண்ட் எடுத்து வந்த பென் டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷோர்ட்கட்டாக மாறிவிட்டன. பைல்கள் போய்விட்டனவா?
- வாசகர், பண்டாரவளை

பெரும்பாலும் போயிருக்காது, மறைந்திருக்கும். அந்த ஷோர்ட்கட்டை மட்டும் இரட்டைக் கிளிக் செய்துவிடாதீர்கள். அது முதலில் வைரஸை ஓடவிட்டு, பிறகு உங்கள் ஃபோல்டரைத் திறந்து காட்டும். எல்லாம் சரியாகத் திறப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஒரு கடையிலிருந்து பல வீடுகளுக்குப் பரவுவது இப்படித்தான்.

டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து டிஃபென்டரால் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் 'வியூ' பகுதியில் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதன் சரி அடையாளத்தையும் எடுங்கள். இரண்டாவதை விட்டுவிடுவதால்தான் பலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. உங்கள் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும், சில வேளை பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். பிடிஎஃப், வேர்ட், படங்கள் மட்டும் கணினிக்கு எடுத்து, டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

ஷோர்ட்கட்டை ஏற்கெனவே திறந்திருந்தால் 'விண்டோஸ் செக்யூரிட்டி'யின் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' பக்கத்தில் 'ஸ்கேன் ஒப்ஷன்ஸ்' பகுதிக்குப் போய் 'ஒஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். விண்டோஸ் எழும்ப முன்னரே சோதிப்பதால் ஒளிந்திருப்பதும் அகப்படும். 15 நிமிடம் அளவில் எடுக்கும். மின்னல் மழை நேரத்தில் தொடங்காதீர்கள், பற்றரி நிறைந்திருக்கட்டும். இனிமேல் பிரிண்ட் எடுக்க, வேறொன்றும் இல்லாத தனி டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள்.

அன்டிவைரஸ் அப்டேட்டிலேயே டேட்டா முடிந்துவிடுகிறது. நிறுத்தி வைக்கலாமா?
- வாசகர், மஸ்கெலியா

வேண்டாம். அதிகம் தின்பது விண்டோஸின் பெரிய அப்டேட். வைரஸ் அடையாளங்கள் நாளாந்தம் சிறு துண்டுகளாகத்தான் வரும். பல நாள் விட்டுவிட்டால்தான் 100 எம்பிக்கு மேற்பட்ட முழுப் பொதியாக இறங்கும். வைஃபை இணைப்பின் புரொப்பட்டீஸில் 'மீட்டர்ட் கனெக்ஷன்' ஒன் செய்யுங்கள், பெரிய அப்டேட்கள் காத்திருக்கும். அடையாளங்களும் அதனால் தாமதமாகலாம், ஆகவே தினமும் ஒருமுறை 'விண்டோஸ் செக்யூரிட்டி'யின் 'புரொடெக்ஷன் அப்டேட்ஸ்' பக்கத்தில் 'செக் ஃபோர் அப்டேட்ஸ்' அழுத்துங்கள். விண்டோஸின் மாதாந்தத் திருத்தம் இரண்டாம் செவ்வாய், நம் நேரப்படி நள்ளிரவை அண்டி வெளியாகும். அந்தக் கிழமையில் ஓர் இரவு, இரவு டேட்டா தொடங்கியதும் மீட்டரை ஓஃப் செய்து இறக்கிக்கொள்ளுங்கள்.

இணையம் பார்க்கும்போது 'உங்கள் கணினியில் 5 வைரஸ்' என்று மூலையில் வந்துகொண்டே இருக்கிறது.
- வாசகி, ஹட்டன்

அது வைரஸ் எச்சரிக்கை அல்ல, விளம்பரம். ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியிருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்', 'நோட்டிஃபிகேஷன்ஸ்' போய், தெரியாத தளங்கள் எல்லாவற்றையும் நீக்குங்கள். அதில் வரும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கவோ, அது காட்டும் அன்டிவைரஸை இறக்கவோ வேண்டாம்.