கப்பி மீன் குஞ்சு காணாமல் போவது தட்டான் புழு வேலை

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வாய்க்கால்ல ஹைட்ரில்லாங்கிற நீர்ச்செடியை எடுத்துத் தொட்டியில போட்டதுல இருந்து கப்பிக் குஞ்சு தினம் குறையுது, செத்ததும் கிடைக்கலன்னு எழுதியிருக்கீங்க. நோய்னா ஒண்ணு ரெண்டாவது மிதந்திருக்கும். எனக்குத் தட்டான் புழு, அதாவது தண்ணிக்குள்ள வளர்ற தட்டான்பூச்சியோட இளம் பருவம், மேலதான் சந்தேகம்.

ராத்திரி லைட்டை அணைச்சு, டார்ச் அடிச்சுச் செடித் தண்டுகளைப் பாருங்க. பாசி படிஞ்ச குச்சி மாதிரி அசையாம உட்கார்ந்திருக்கும். குஞ்சு கிட்ட வந்தா, முகத்துக்கு அடியில மடிச்சு வெச்ச உதட்டைச் சட்டுனு நீட்டிப் பிடிச்சுக்கும். என் தொட்டியை ஒரே ஒரு புழு காலி பண்ணிச்சு.

செடி மொத்தத்தையும் வெளியே எடுங்க. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைச்ச வெளிர் ரோஸ் தண்ணியில 10 நிமிஷம் முக்கி அலசுங்க. தண்டுக்குள்ள இருக்கிற முட்டை இதுக்கெல்லாம் அசராது. அதனால மீன் இல்லாத பக்கெட்டுல ஒரு மாசம் போட்டு வைங்க, மேல கொசுவலை கட்டி; பொரிச்சு வர்ற புழுவைப் பொறுக்கி எடுத்துடலாம். வலை இல்லேன்னா புதுத் தட்டான் வந்து மறுபடி முட்டை போடும். ஹைட்ரில்லா துண்டா மிதந்தாலே துளிர்க்கும், கவலை வேண்டாம்.

அடுத்து செடி எடுக்க ஓசூர் கிட்ட கெலவரப்பள்ளி அணைக்குப் போறேன்னீங்களே, வேண்டாங்க. பெங்களூரு கழிவு கலந்து நுரை பொங்குற தண்ணி அது. மிச்சச் செடியை வாய்க்கால்ல கொட்டாம வெயில்ல காயவெச்சிடுங்க.