விசாவில் இருப்பவருக்கு இங்கிலாந்தில் ஓட்டு உண்டா?

கேள்வி: லிங்கன்ஷயரில் ஹார்ன்காஸ்டில் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் கேர் ஹோம் வேலை, இந்தியப் பாஸ்போர்ட். வாக்காளர் பட்டியலில் சேரச் சொல்லி கவுன்சிலில் இருந்து கடிதம் வந்திருக்கிறது. தெரியாமல் அனுப்பிவிட்டார்களா? சேர்ந்தால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவருக்கு, 18 வயது ஆகியிருந்தால், உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமல்ல, நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் இதில் அடக்கம். உங்களோடு அதே ஷிஃப்டில் நிற்கும் நேபாளக்காரருக்குக் கிடையாது. நேபாளம் காமன்வெல்த்தில் இல்லை.

விசா பயம் பலருக்கும் இருக்கிறது. ‘பொது நிதி பெறக்கூடாது’ என்ற நிபந்தனை அரசு உதவித்தொகை சம்பந்தப்பட்டது, ஓட்டு அதில் வராது. இங்கே ஓட்டுப் போடுவதால் இந்தியக் குடியுரிமையும் போய்விடாது. சொல்லப்போனால் கடிதத்தை மூலையில் போடுவதில்தான் வம்பு. பதிவு செய்தே ஆகவேண்டும் என்று நோட்டீஸ் வந்த பிறகும் சும்மா இருந்தால் 80 பவுண்டு அபராதம் விதிக்கலாம்.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு: பெயர். 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் சாவடிக்குப் போய் ஓட்டுப் போட போட்டோ அடையாள அட்டை கட்டாயம். அட்டையில் இருக்கும் பெயரும் பட்டியலில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் செந்தில்குமார் முருகேசன் என்று அப்பா பெயர் நீளமாக இருக்கும். ஊர்ப் பழக்கத்தில் படிவத்தில் எம். செந்தில்குமார் என்று போட்டுவிடுவோம். அன்றைக்கு மேசைக்கு முன்னால் நின்று இனிஷியலுக்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், பதிவு செய்யுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். பழைய பிஆர்பி கார்டு (குடியிருப்பு அனுமதி அட்டை) காலாவதியாகியிருந்தாலும், போட்டோவில் உங்கள் முகம் அடையாளம் தெரிந்தால் செல்லும். போனில் இருக்கும் இ-விசா செல்லாது.

சரி, யாருக்கு ஓட்டு? உங்கள் பகுதியில் மூன்று அடுக்கு. குப்பை வண்டியும் கட்டட அனுமதியும் ஈஸ்ட் லிண்ட்ஸே மாவட்ட கவுன்சிலின் பொறுப்பு. சாலைக் குழி, பள்ளிக்கூடம், உங்கள் கேர் ஹோமில் பலருக்குக் கட்டணம் கட்டும் முதியோர் பராமரிப்புத் துறை ஆகியவை லிங்கன்ஷயர் கவுண்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. விளையாட்டுத் திடல், கிராம மண்டபம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்வது கிராம அளவிலான பாரிஷ் கவுன்சில். சாலைக் குழிக்கு மாவட்ட கவுன்சிலரைத் திட்டுவது இங்கிலாந்துக்காரர்களே தினமும் செய்யும் தப்பு. நார்த் யார்க்‌ஷயரிலும் சோமர்செட்டிலும் 2023ல் செய்ததுபோல, மாவட்டத்தையும் கவுண்டியையும் ஒன்றாக்கும் திட்டம் மற்ற இடங்களுக்கும் வருகிறது. எந்த கவுன்சிலுக்குத் தேர்தல் என்பதை வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராமங்களில் இன்னொரு வேடிக்கை. இடத்துக்கு மேல் ஆள் நிற்காவிட்டால் அந்த வார்டில் வாக்குப்பதிவே கிடையாது, நின்றவர் கவுன்சிலர். பாரிஷில் இது சர்வசாதாரணம். போட்டி இருந்து ஓட்டு சமமாகிவிட்டால் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு.

சில வார்டுகளில் இரண்டு, மூன்று இடங்கள் இருக்கும். எத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வாக்குச் சீட்டின் தலையிலேயே எழுதியிருக்கும். அதற்குக் குறைவாகப் பெருக்கல் குறி போடலாம். ஒன்று கூடினாலும் ஓட்டு செல்லாது.

தேர்தல் வழக்கமாக மே முதல் வியாழன், காலை 7 முதல் இரவு 10 வரை. விடுமுறை கிடையாது, விரலில் மையும் கிடையாது. பட்டியலில் சேர 12 வேலை நாளுக்கு முன்பே விண்ணப்பித்திருக்க வேண்டும். லாங் டே ஷிஃப்ட் என்றால் தபால் ஓட்டு வாங்கிவிடுங்கள். அதற்குக் கெடு 11 வேலை நாளுக்கு முன், மாலை 5 மணி. போட்டோ அட்டையும் தேவைப்படாது.

அப்புறம், சாவடி வாசலில் கட்சி நிற ரிப்பன் பேட்ஜ் (ரோசெட்) குத்திக்கொண்டு ஒருவர் உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பார். அவர் தேர்தல் அதிகாரி இல்லை, தங்கள் ஆள் யார் யார் வந்தாயிற்று என்று கணக்கெடுக்கும் கட்சிக்காரர். பதில் சொல்லாமலே உள்ளே போகலாம்.