இந்துப்புக்கு மாறினால் தைராய்டு சரியாகுமா?

கேள்வி: எனக்கு ஹஷிமோட்டோ தைராய்டு குறைபாடு. அயோடின் உப்பை விட்டு இந்துப்புக்கு மாறு என்கிறார் அண்ணி. கடல்பாசி மாத்திரை சாப்பிடு என்கிறார் தோழி. யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டுமே வேண்டாம் சகோதரி. ஹஷிமோட்டோவில் நம் எதிர்ப்புசக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது, அதனால் உப்பை மாற்றுவதால் அது நிற்காது. கடல்பாசி மாத்திரைதான் எனக்குப் பெரிய கவலை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், ஆனால் சில பாசி மாத்திரைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கும், ஏற்கெனவே பழுதான சுரப்பி அந்த வெள்ளத்தைத் தாங்காமல் ஹார்மோன் சுரப்பதை இன்னும் குறைத்துவிடலாம். டப்பாவை இன்றே ஓரங்கட்டுங்கள்.

அப்புறம் உப்பு. நம் சட்டப்படி கடையில் வாங்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். சமையல் அளவில் இது ஆபத்தில்லை. இந்துப்பில் அயோடின் அநேகமாக இல்லை, கடல் உப்பிலும் சொற்பம்தான், கடலில் இருந்து வருவதால் நிறைய இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் குறைவால் கழுத்துக் கழலையோடு வாழ்ந்த மக்களுக்கு, 1956-இல் தொடங்கிய ஆய்வில் அயோடின் சேர்த்த உப்புதான் கைகொடுத்தது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்துப்புக்கு மாறவே மாறாதீர்கள், அவருக்குத் தேவை 250 மைக்ரோகிராம், குழந்தையின் மூளை வளர்ச்சியே அதை நம்பியிருக்கிறது.

உப்பில் உள்ள அயோடின் வீணாகாமல் இருக்க, ஜாடியை அடுப்பின் சூட்டில் வைக்காமல் இறுக மூடி வையுங்கள், சமையலை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் உப்பைச் சேருங்கள். டாக்டர் தந்த தைராய்டு மாத்திரையை மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.