நாற்பதாம் ஆண்டு மணநாளும் மத்தியதரைக் கடல் கப்பலும்

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள்; கொக்குவிலில் வசிக்கிறோம். எங்கள் திருமணம் 1986 ஆவணியில் நடந்தது. புதுமணத் தம்பதியாக நாங்கள் போன ஒரே பயணம் வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்கு, அதுவும் ஒரே சைக்கிளில். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது "ஒரு நாளைக்குப் பெரிய கப்பலில் கூட்டிக்கொண்டு போவேன்" என்று அன்று சொன்ன சொல்லை, நாற்பதாவது மணநாளுக்கு, 2026 செப்டெம்பரில் நிறைவேற்ற விரும்புகிறேன். நகரிலுள்ள பயண முகவர் ஒருவர் மத்தியதரைக் கடலில் ஏழு இரவுப் பயணத்துக்கு "ஒருவருக்கு 799 யூரோ முதல், எல்லாம் உட்பட" என்ற விலைத்தாளைத் தந்து, இம்மாத முடிவுக்குள் 20 வீத முற்பணம் கட்டச் சொல்கிறார். கப்பல் புறப்படும் நாள் செப்டெம்பர் 13. இலண்டனிலுள்ள மகனோ தன் கடனட்டையில் தானே பதிவு செய்கிறேன் என்கிறான். மனைவிக்கு நீரிழிவும் முழங்கால் நோவும் உண்டு. விலைத்தாளை இணைத்துள்ளேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் அனுப்பிய விலைத்தாளில் "எல்லாம் உட்பட" என்ற சொற்களின் தலையில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. அதன் விளக்கம் தாளின் அடியில், சாம்பல் நிறப் பின்னணியில் சற்றே கருமையான சாம்பல் எழுத்துகளில் இருக்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றித் தாளை மூக்கருகே பிடித்துத்தான் வாசித்தேன். துறைமுக வரி ஒருவருக்கு 150 யூரோ, சேவைக் கட்டணம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 யூரோ, பல்கனி உள்ள அறைக்கு மேலதிகமாக ஒருவருக்கு 250 யூரோ. உங்கள் இருவருக்குமாகக் கூட்டினால் 1,598 யூரோ 2,566 யூரோவாகிறது. விமானச் சீட்டு, வீசா, காப்புறுதி, கரைச் சுற்றுலா, குளிர்பானம், இணைய வசதி எவையும் இதற்குள் இல்லை. உணவும் உறக்கமும் கப்பலின் மேடை நிகழ்ச்சிகளும் மட்டுமே இந்தத் தாள் சொல்லும் "எல்லாம்". இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், கப்பல் விற்பனையில் இது வழமைதான். ஆனால் இரண்டு விலைத்தாள்களை ஒப்பிடும்போது பெரிய எழுத்திலுள்ள தொகைகளை அல்ல, இப்படிக் கூட்டி வந்த தொகைகளையே பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

விலையை விட எனக்குக் கவலை தருவது அதே சிறிய எழுத்திலுள்ள இன்னொரு வரி: முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது, முழுத்தொகையும் புறப்படுவதற்கு 60 நாட்களுக்கு முன்னர் செலுத்தப்பட வேண்டும். செப்டெம்பர் 13இலிருந்து பின்னோக்கி எண்ணினால் அது ஜூலை 15. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்கு ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வீசா, இல்லாமல் கப்பலின் ஏணியில் கால் வைக்கவே முடியாது. ஆகவே உங்கள் திட்டம் முழுவதும் ஒரே ஒரு விடயத்தில் தங்கியிருக்கிறது: வீசா முடிவு கையில் கிடைக்கும் நாள், பெரும்பணம் கைவிட்டுப் போகும் நாளுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். பயணத் திகதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம் என்பதால், மார்ச் 13 முதல் உங்களுக்கு வழி திறந்திருக்கிறது. வழமையாக 15 நாட்களில் முடிவு வரும். மேலதிக ஆய்வு தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை போகலாம். ஏப்ரலில் விண்ணப்பித்தால், மிக மோசமான நிலையிலும் ஜூன் நடுப்பகுதியில் பதில் தெரிந்துவிடும், கையில் ஒரு மாதம் மிஞ்சும். ஜூனில் விண்ணப்பிக்க நினைத்தால், கோடை விடுமுறைக்காக முண்டியடிப்பவர்களோடு நேரப்பதிவுக்கே வரிசையில் நிற்க வேண்டி வரும், அதற்குள் ஜூலை 15 வந்துவிடும்.

எனவே முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலைக்கழிவு அல்ல. வீசா மறுக்கப்பட்டால் முற்பணம் திரும்ப வருமா, எத்தனை நாளுக்குள், எவ்வளவு கழிவுடன் என்பதை எழுத்தில் கேளுங்கள். திருப்பித் தரத்தக்க முற்பணத்துடன் கூடிய பதிவு வகையும் பல கப்பல்களில் உண்டு. விலை சற்றுக் கூடுதலானாலும் உங்கள் நிலையில் நான் அதையே வாங்குவேன். விமானச் சீட்டுக்கும் இதே கணக்குத்தான். வீசாவுக்கு முன் பதிவை மட்டும் காட்டுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

வீசாவைப் பொறுத்தவரை, எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கே விண்ணப்பிக்க வேண்டும்; நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. ஜெனோவாவில் ஏறி நேப்பிள்ஸ், பலெர்மோ என்று போகும் கப்பலானால் அது இத்தாலி. கட்டணம் 2024 ஜூன் முதல் ஒருவருக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பாது. கைவிரல் அடையாளம் கொடுக்க இருவரும் நேரில் கொழும்புக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருத்தல் வேண்டும். முகவர்கள் அடிக்கடி சொல்ல மறக்கும் ஒன்றும் உண்டு. கிரேக்கத்தில் ஏறித் துருக்கியின் குசாதாசியைத் தொட்டு மீண்டும் கிரேக்கத்துக்கு வரும் கப்பல், அல்லது துனிசியாவுக்குப் போய் வரும் கப்பல், ஷெங்கன் எல்லையை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறது. ஒருமுறை நுழைவு வீசாவுடன் அதில் போனால் திரும்ப உள்ளே வர முடியாது. பலமுறை நுழைவு வீசாவையே கேளுங்கள்.

பெயர் விடயத்தில் எங்கள் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் ஓரிடத்திலும் உங்கள் பெயர் இன்னோரிடத்திலும் இருக்கும். மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனார் பெயரே இன்னும் இருக்கக்கூடும். பதிவு செய்பவர் கணவன் மனைவி என்ற எண்ணத்தில் இருவருக்கும் ஒரே குடும்பப் பெயரைத் தட்டச்சு செய்துவிடுவார். கப்பல் பதிவு, விமானச் சீட்டு, காப்புறுதி மூன்றிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயர் இருக்க வேண்டும். நீங்கள் தம்பதி என்பதைக் காட்ட விவாகப் பதிவுச் சான்றிதழ் உதவும். 1995 இடப்பெயர்வில் அதைத் தொலைத்த பலரை அறிவேன். உங்களிடமும் இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க இப்போதே விண்ணப்பியுங்கள். ஓய்வூதியச் சான்று, வங்கிக் கூற்று, காணி உறுதியின் பிரதி ஆகியவை நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்பதற்குச் சாட்சி. மகன் செலவை ஏற்பதானால் அவருடைய கடிதமும் வருமானச் சான்றும் சேர வேண்டும்.

முகவரா மகனா என்ற கேள்விக்கு, பணம் தவறும் பட்சத்தில் யாரை எங்கே பிடிக்கலாம் என்பதைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். மகன் பிரித்தானியக் கடனட்டையில், தானே ஒப்பந்தக்காரராக நின்று வாங்கினால், அங்குள்ள 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு அவருக்குத் துணை நிற்கும்: 100 பவுணுக்கு மேற்பட்டு 30,000 பவுண் வரையான கொள்வனவில், விற்றவர் வாக்குத் தவறினால் அட்டை வழங்கிய நிறுவனமும் பொறுப்பாகும். பற்றட்டைக்கு இது பொருந்தாது. ஆனால் மகன் ஓர் ஆசையில் உங்களைத் தன் வீட்டு முகவரியில் பதிந்துவிடக் கூடாது. பயணியின் வதிவிட நாட்டைப் பார்த்து விலையும் நிபந்தனையும் மாறும் கப்பல்கள் உண்டு. வீசா விண்ணப்பத்தில் கொக்குவில் என்றும் கப்பல் பதிவில் இலண்டன் என்றும் இருந்தால் வீண் கேள்விகள் எழும்.

உள்ளூர் முகவரின் பலம், கதவைத் தட்டிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது. அவர் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு பெற்றவரா என்று பார்த்து, முற்பணம் கட்டிய உடனே கப்பல் நிறுவனத்தின் பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதை அந்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே இட்டு உங்கள் இருவரின் பெயரும் அறையும் தெரிகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். முகவரின் கடிதத்தலைப்பில் வரும் பற்றுச்சீட்டு, அவர் பணம் வாங்கினார் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. கப்பலில் உங்களுக்கு இடம் இருக்கிறது என்பதற்கு அல்ல. "பதிவிலக்கம் பிறகு வரும்" என்றால் பணமும் பிறகே போகட்டும். பிணக்கு வந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் உடனடித் தொலைபேசி இலக்கம் 1977. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மகன் கடனட்டையில் கப்பலை வாங்குவதும், விமானச் சீட்டையும் வீசாப் பத்திரங்களையும் நீங்கள் இங்கே பார்த்துக்கொள்வதும் நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இனி முழங்கால். விலைத்தாளில் "ரோம்", "புளோரன்ஸ்" என்று படத்துடன் போட்டிருந்தாலும் கப்பல் அங்கே போவதில்லை. ரோமுக்கான துறைமுகம் சிவிதவேக்கியா, அங்கிருந்து ரோம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். புளோரன்சுக்கு லிவோர்னோவில் இறங்கி 90 கிலோமீற்றர் போக வேண்டும். வெனிஸ் இன்னும் மோசம்: 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் நகரின் நடுக் கால்வாயில் நுழையத் தடை என்பதால், "வெனிஸ்" என்று விற்கப்படும் பயணம் அயலிலுள்ள மார்கேராவிலோ, இரண்டு மணி நேர பஸ் தூரத்திலுள்ள ரவென்னாவிலோ தொடங்கலாம். கிரேக்கத் தீவான சந்தொரினியில் கப்பல் நடுக்கடலில் நிற்க, சிறு படகில் பழைய துறைக்குப் போய், அங்கிருந்து கம்பித்தொங்கலில் (கேபிள் கார்) ஏற வேண்டும். அதன் வரிசை நீண்டால் மிஞ்சுவது 588 படிகள் அல்லது ஒரு கழுதை. உங்கள் மனைவியின் காலுக்கு நேப்பிள்ஸ், பலெர்மோ, ஜெனோவா போன்றவை உகந்தவை, இறங்கினால் ஊருக்குள் நிற்பீர்கள். மால்ட்டாவின் வலெற்றாவில் கரையிலிருந்து மேல்நகருக்கு மின்தூக்கியே இருக்கிறது. ஆகவே கிரேக்கப் பக்கம் அல்ல, இந்தத் துறைகளைத் தொடும் மேற்குப் பாதையையே நான் சொல்வேன். செப்டெம்பர் நடுப்பகுதி நல்ல தெரிவு. ஆகஸ்டின் வெயிலும் நெரிசலும் குறைந்திருக்கும், கடல்நீர் இன்னும் இளஞ்சூடாக இருக்கும்.

குறிகட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்குவதற்குள் தலை சுற்றுபவரானால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள்; ஆட்டம் அங்கேதான் குறைவு. மரக்கறி உணவைப் பதிவின்போதே கேட்டு வைத்தால் வெள்ளிக்கிழமைக்குத் தடையில்லை.

காப்புறுதியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீசாவுக்குத் தேவையான குறைந்தபட்ச மருத்துவக் காப்பு 30,000 யூரோ. மலிவான பத்திரங்கள் அந்தத் தொகையைக் காட்டி வீசாவைப் பெற்றுத் தரும், ஆனால் ஏற்கெனவே உள்ள நோயை விலக்கிவிடும். நீரிழிவை மறைக்காமல் எழுதி, அதற்கும் காப்பு உண்டு என்று பத்திரத்திலேயே காட்டச் சொல்லுங்கள். கப்பல் மருத்துவரிடம் போனால் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும். இன்சுலினும் மருத்துவரின் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திராது என்பதால், புறப்படும் ஊருக்கு ஒரு நாள் முந்தியே போய்ச் சேருங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறேன். பருத்தித்துறையிலுள்ள அம்மா அப்பாவின் மணநாளுக்கு அவர்களுக்குத் தெரியாமலேயே ஒரு கப்பல் பயணத்தை வாங்கி, கடைசி நேரத்தில் சொல்ல ஆசை. முடியுமா?

பதில்: முடியாது, தங்கச்சி. வீசா விண்ணப்பத்தில் அவர்கள் கையொப்பம் இட வேண்டும், கொழும்பில் விரல் அடையாளம் கொடுக்க வேண்டும், வங்கிக் கூற்று எடுக்க வேண்டும். இதையெல்லாம் ஏன் என்று கேட்காமல் செய்யும் பெற்றோர் வடமராட்சியில் இல்லை. கப்பலைச் சொல்லிவிடுங்கள். அறையையோ கரைச் சுற்றுலாவையோ மறைத்து வைக்கலாம்.

கேள்வி: கடந்த ஆகஸ்டில் மனைவியுடன் கிரேக்கத் தீவுகளுக்குக் கப்பலில் போனேன். காற்றுப் பலம் என்று சந்தொரினியில் நிறுத்தாமல் போய்விட்டார்கள். அந்தத் தீவுக்காகவே காசு சேர்த்தோம். நட்டஈடு கேட்கலாமா?

பதில்: உங்கள் மனத்தாங்கல் புரிகிறது, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பாதுகாப்புக் கருதித் துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமையைக் பயண ஒப்பந்தங்கள் கப்பல் தலைவருக்குக் கொடுத்திருக்கின்றன. ஈஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீசும் மெல்தெமி என்னும் வடகாற்று இப்படிப் பல பயணங்களைக் கெடுப்பதுண்டு. கேட்க வேண்டியவை வேறு: இறங்காத துறைக்கான துறைமுகக் கட்டணம், கப்பல் மூலம் வாங்கிய சுற்றுலாவின் முழுப்பணம், அத்துடன் சந்தொரினியிலும் மைக்கொனோசிலும் இறங்கும் கப்பல் பயணிகளிடம் கிரேக்க அரசு 2025 ஜூலை முதல் கோடையில் அறவிடும் 20 யூரோ. இவை பயண இறுதியில் அறைக் கணக்கில் வரவாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசி இரவு அறைக்கதவின் அடியில் செருகப்பட்ட அந்தத் தாளை எடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் பிரதியுடன், பதிவிலக்கத்தைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். உங்கள் பயணக் காப்புறுதியில் தவறவிட்ட துறைமுகத்துக்கான பிரிவு உண்டா என்றும் பாருங்கள்.